நாணயம் பேசும் வரலாறு – 17: முகத்தின் இடத்தில் பெயர்

உஸ்மானிய சுல்தான்களின் நாணயத்தில் முகம் கிடையாது. மற்ற நாட்டு நாணயங்களில் அரசரின் தலை இருக்கும் இடத்தில் இங்கே ஒரு கோட்டுருவம் இருக்கும். இடப்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முட்டை வடிவ வளையங்கள், நடுவே நிமிர்ந்து நிற்கும் மூன்று கம்பங்கள், அடியில் நெருக்கி அடுக்கிய எழுத்துகள், வலப்பக்கம் வாள்போல் வளைந்து நீளும் இரண்டு கோடுகள். இதற்குத் துக்ரா என்று பெயர். பார்வைக்குப் படம்போல் தோன்றினாலும் இது முழுக்க எழுத்து. சுல்தானின் பெயரும் அவர் தந்தையின் பெயரும் பட்டமும் சேர்ந்து பின்னிய ஒரே உருவம். சுமார் அறுநூறு ஆண்டுகள் அரசாணைகளின் தலைப்பில் இருந்த இந்த உருவம் செம்பிலும் வெள்ளியிலும் தங்கத்திலும் ஏறி, கடைசியில் காகிதப் பணத்துக்கும் வந்து சேர்ந்தது.

பெயர் பொறிக்கும் உரிமை

இஸ்லாமிய ஆட்சியின் முதல் சில பத்தாண்டுகளில் புழங்கிய நாணயங்களில் உருவங்கள் இருந்தன. சிரியாவில் பைசாந்தியப் பேரரசரின் உருவமும், ஈரானில் சாசானிய மன்னரின் தலையும் அப்படியே தொடர்ந்தன. உமையா கலீஃபா அப்துல் மலிக் இதை மாற்றினார். ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், அவர் வெளியிட்ட தங்கத் தினார் ஏறத்தாழ 4.25 கிராம் எடை கொண்டது. இருபுறமும் அரபு எழுத்து மட்டுமே. இறை வாக்கியங்களும் அடித்த ஆண்டும் இருந்தன. கலீஃபாவின் பெயர்கூட இல்லை. அப்பாசியர் காலத்தில் ஆள்பவரின் பெயர் நாணயத்துக்குள் வந்தது. அது வந்தபின், ஒரு நாட்டை ஆள்பவர் யார் என்பதற்கு இரண்டு அடையாளங்கள் நிலைபெற்றன. ஒன்று, வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் அவர் பெயரைச் சொல்வது. மற்றொன்று, நாணயத்தில் அவர் பெயரைப் பொறிப்பது. புதிதாக அரியணை ஏறியவர் முதலில் செய்யும் வேலைகளில் அக்கசாலைக்கு ஆணை அனுப்புவதும் ஒன்று. கிளர்ச்சி செய்தவரும் அதையே செய்தார்.

ஆகவே நாணயத்தில் எழுத்து என்பது வெறும் தகவலாக இருக்கவில்லை, அதுவே ஆட்சியுரிமை. அந்த எழுத்தைப் பார்த்தவுடன் இன்னாருடையது என்று தெரியும்படி ஓர் உருவமாக வார்த்தது துருக்கியர் செய்த மாற்றம்.

ஒர்ஹானின் மூன்று கம்பங்கள்

துக்ரா என்ற சொல் ஒகுஸ் துருக்கியரிடமிருந்து வந்தது. 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிகளுக்கு அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரி, 'துக்ராக்' என்பதை அரசரின் முத்திரையைக் குறிக்கும் ஒகுஸ் சொல்லாகப் பதிவு செய்திருக்கிறார். செல்ஜுக் அரசர்களின் சின்னம் வில்லும் அம்பும். முதல் சுல்தானான துக்ரில் பேக்கின் நாணயங்களிலேயே அதைக் காணலாம். செல்ஜுக் அரசவையில் ஆணைகளின்மேல் துக்ரா வரைவது ஒரு தனிப் பதவியாக இருந்தது. லாமிய்யத்துல் அஜம் என்ற புகழ்பெற்ற அரபுக் கவிதையை எழுதிய இஸ்பஹான் கவிஞர் அல்-துக்ராஈ அந்தப் பதவியின் பெயராலேயே அறியப்படுகிறார். எகிப்தின் மம்லூக் சுல்தான்களும் துக்ரா வைத்திருந்தார்கள். அவர்களுடையது, வேலி அடைத்ததுபோல் நெடிய செங்குத்துக் கோடுகள் வரிசையாக நிற்கும் வேறு வகை.

உஸ்மானியரின் துக்ராவுக்கு ஒரு கதை உண்டு. ரகூசா நகரத்தாரோடு உடன்படிக்கை செய்தபோது, எழுதத் தெரியாத முதலாம் முராத் தன் கையை மையில் தோய்த்துத் தாளில் பதித்தார், அந்தக் கைத்தடமே துக்ரா ஆனது என்பது அந்தக் கதை. கேட்கச் சுவையானதுதான். ஆனால் முராதின் தந்தை ஒர்ஹானின் துக்ரா 1324ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே கிடைத்துவிட்டது. மகனின் கைத்தடத்திலிருந்து தந்தையின் சின்னம் பிறந்திருக்க வழியில்லை.

ஒர்ஹானின் துக்ராவில் உள்ளது 'ஒர்ஹான் பின் உஸ்மான்', உஸ்மானின் மகன் ஒர்ஹான், என்பது மட்டும்தான். இதை அரபு எழுத்தில் எழுதினால் 'அலிஃப்' என்ற செங்குத்து எழுத்து மூன்று முறை வரும்: ஒர்ஹானில் இரண்டு, உஸ்மானில் ஒன்று. கிண்ணம்போல் வளையும் 'நூன்' என்ற எழுத்தும் மூன்று பெயர்ச்சொற்களின் முடிவிலும் ஒவ்வொன்றாக வரும். அலிஃப்களை மேலே நீட்டி, நூன்களை இடப்பக்கம் இழுத்து வளைத்தால் துக்ராவின் எலும்புக்கூடு தயார். பின்னால் வந்த சுல்தான்களின் பெயர்களில் அலிஃபும் நூனும் இதே கணக்கில் அமையவில்லை. ஆயினும் மூன்று கம்பங்களும் வளையங்களும் விடாமல் தொடர்ந்தன. ஒரு பெயரின் எழுத்துகள் ஒரு வம்சத்தின் உருவமாக உறைந்துவிட்டன.

உருவத்தின் உறுப்புகள்

தலைமுறைதோறும் துக்ராவில் சொற்கள் கூடின. 'ஹான்' என்ற அரசப் பட்டம் சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் 'அல்-முழஃப்பர் தாயிமா', என்றும் வெற்றி பெறுபவர், என்ற தொடர் நிலைத்தது. 1520 முதல் 1566 வரை ஆண்ட முதலாம் சுலைமானின் துக்ரா, 'செலீம் ஷாவின் மகன் சுலைமான் ஷா, ஹான், என்றும் வெற்றி பெறுபவர்' என்று படிக்கப்படுகிறது.

உருவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் எழுத்தணிக் கலைஞர்கள் பெயர் வைத்திருந்தார்கள். எழுத்துகள் அடுக்கிய அடிப்பகுதி 'சேரே'. இடப்பக்க முட்டை வளையங்கள் 'பெய்ஸே'. அரபு மொழியில் முட்டை என்று பொருள். உள்வளையத்துக்குள் 'தாயிமா' என்ற சொல் அமர்ந்திருக்கும். மூன்று கம்பங்கள் 'தூக்'. படைகளின் முன் ஏந்திச் செல்லும் குதிரைவால் கொடிக்கும் துருக்கியில் இதுவே பெயர். கம்பங்களின் உச்சியிலிருந்து காற்றில் அசையும் நாடாபோல் இறங்கும் வளைவுகள் 'சூல்ஃபே', அதாவது கூந்தல் சுருள். வளையங்களின் கோடுகள் கம்பங்களைத் தாண்டி வலப்பக்கம் நீளும் பகுதி 'ஹன்சேர்', அதாவது குத்துவாள்.

ஆணைகளின்மேல் துக்ரா இடும் பொறுப்பு 'நிஷாஞ்சி' என்ற உயர் அதிகாரியுடையது. பேரரசு மன்றத்தில் அவருக்கு இருக்கை உண்டு. சுல்தான் கையெழுத்துப் போடுவதில்லை. நிஷாஞ்சி மேற்பார்வையில் வரைந்த துக்ராவே ஆணைக்கு உயிர் கொடுத்தது. படிக்கத் தெரியாத குடியானவனுக்கும் தாளின் தலையில் அந்த உருவம் இருந்தால் அது சுல்தானின் சொல் என்று தெரியும். நாணயத்துக்குத் தேவைப்பட்டதும் இதே குணம்தான்.

ஆணைத் தாளிலிருந்து உலோகத்துக்கு

1402இல் அங்காரா போரில் தைமூரிடம் தோற்றுச் சிறைப்பட்டார் சுல்தான் முதலாம் பாயஸீத். அவருடைய மகன்கள் அரியணைக்காக ஒருவரோடொருவர் மோதினார்கள். ஐரோப்பியப் பகுதியைப் பிடித்துக்கொண்ட எமீர் சுலைமான், ஹிஜ்ரி 806இல் (1403–1404) அடித்த நாணயங்களில் தன் துக்ராவைப் பொறித்தார். உஸ்மானிய நாணயத்தில் துக்ராவுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் இவை. அரியணை யாருக்கு என்பது முடிவாகாத நேரத்தில், ஆணைத் தாளின் சின்னத்தைக் கைக்குக் கை மாறும் காசில் ஏற்றியதன் நோக்கம் வெளிப்படை.

ஆனால் உடனே அது வழக்கமாகிவிடவில்லை. இரண்டாம் மெஹ்மத் 1477–78இல் உஸ்மானியரின் முதல் தங்க நாணயமான சுல்தானியை வெளியிட்டபோது, அதில் இருந்தது படிக்கக்கூடிய வாசகமே: தங்கம் அடிப்பவர், நிலத்திலும் கடலிலும் வெற்றி உடையவர் என்ற பொருளில் அமைந்த தொடர். அடுத்த இரு நூற்றாண்டுகளும் பெரும்பாலும் வாசக நாணயங்களின் காலம். 17ஆம் நூற்றாண்டின் முடிவில், நீண்ட போர்களால் நிதி குலைந்து, ஐரோப்பிய வெள்ளி நாணயங்கள் சந்தையை நிறைத்திருந்த நிலையில், அரசு தன் நாணயத்தைச் சீரமைத்தது. குருஷ் என்ற பெரிய வெள்ளி நாணயம் வந்தது. இரண்டாம் முஸ்தபாவின் ஆட்சியில் துக்ரா பொறித்த புதிய தங்க நாணயம் வந்தது. பெரிய வட்டத்தில் துக்ராவுக்குப் போதிய இடமும் கிடைத்தது. அது முதல் துக்ராவே நாணயத்தின் முன்பக்கம் ஆயிற்று.

இந்தச் சின்னத்தின் அரசியல் எடையை கிரிமியா காட்டுகிறது. கிரிமியக் கான்கள் உஸ்மானிய சுல்தானின் மேலாண்மையில் இருந்தவர்கள். உஸ்மானியரும் ரஷ்யரும் செய்துகொண்ட 1774ஆம் ஆண்டு குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கை கிரிமியாவைத் தனி நாடாக்கியது. அதன்பின் ரஷ்ய ஆதரவோடு கானான ஷாஹின் கிராய், பக்சிசராயில் அடித்த நாணயங்களில் தன் பெயரிலேயே துக்ரா பொறித்தார். அந்தத் தனியுரிமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1783இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அவரே கடைசிக் கான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்து ஓர் எழுத்து

இதே காலத்தில் தென்னிந்தியாவில் துக்ராவின் தூரத்து உறவு ஒன்று உலவியது. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் தங்க வராகனில் ஒருபக்கம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள். மறுபக்கம் அவர் பெயரின் முதலெழுத்தான 'ஹே' மட்டும் இருக்கும். முழுப் பெயரை உருவமாக்கியது இஸ்தான்புல். ஓர் எழுத்தையே உருவமாக்கியது ஸ்ரீரங்கப்பட்டணம். மகன் திப்பு சுல்தான் தெய்வ உருவங்களை விட்டுவிட்டார், தந்தையின் எழுத்தை விடவில்லை. தன் பெயரையும் அவர் நாணயத்தில் பொறிக்கவில்லை. தில்லிப் பேரரசரின் பெயரையும் பொறிக்கவில்லை. பெயர் பொறிப்பதே ஆட்சியுரிமை என்ற மரபில் இந்த மௌனமும் ஓர் அறிவிப்பு. முகலாயரைத் தவிர்த்த திப்பு, 1786இல் இஸ்தான்புல்லுக்குத் தூதுக்குழு அனுப்பி உஸ்மானிய சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதின் அங்கீகாரத்தை நாடினார்.

ராகிமின் கை

இன்று கண்ணுக்குப் பழகிய துக்ராவின் அளவும் அழகும் ஒரு கலைஞரின் கொடை. முஸ்தபா ராகிம் (1758–1826) எழுத்தணியில் மட்டுமல்லாமல் ஓவியத்திலும் தேர்ந்தவர். மூன்றாம் செலீம், இரண்டாம் மஹ்மூத் ஆகியோரின் காலத்தில் பணியாற்றிய அவர், சுல்தானின் துக்ராவையும் நாணய எழுத்துகளையும் வரையும் பொறுப்பில் இருந்தார். அதுவரை ஆளுக்கு ஆள் தளர்ந்தும் கனத்தும் மாறிய உருவத்துக்கு அவர் கட்டுக்கோப்பான விகிதம் தந்தார். அடிப்பகுதியை இறுக்கினார்; கம்பங்களின் சாய்வையும் வளையங்களின் வீச்சையும் ஒன்றுக்கொன்று இசைய அமைத்தார். இரண்டாம் மஹ்மூதே எழுத்தணியில் அவரிடம் பயின்றவர். அந்த வழியில் வந்த சாமி எஃபெந்தி (1838–1912) இரண்டாம் அப்துல் ஹமீதின் துக்ராவை வரைந்தார். சின்னஞ்சிறு காசிலும் சிதையாத தெளிவு துக்ராவுக்கு வந்தது இவர்களால்தான்.

ஒரு மெஜீதியேயைப் படிக்கும் முறை

சுல்தான் அப்துல் மெஜீத் 1844இல் நாணய முறையைத் திருத்தி அமைத்தார். 22 காரட் தங்கத்தில் 7.216 கிராம் எடையுள்ள லிரா 100 குருஷ் மதிப்புப் பெற்றது. 20 குருஷ் வெள்ளி நாணயம் சற்றேறக்குறைய 24 கிராம் எடை. மக்கள் அதைச் சுல்தானின் பெயராலேயே 'மெஜீதியே' என்று அழைத்தார்கள். அவர் மறைந்த பிறகும், வேறு சுல்தானின் துக்ரா வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

இரண்டாம் அப்துல் ஹமீதின் மெஜீதியே ஒன்றைக் கையில் எடுத்தால், நடுவில் துக்ரா, அதைச் சுற்றி நட்சத்திரங்களும் அணிவேலையும் தெரியும். துக்ராவின் கீழே '3' என்ற எண். திருப்பினால், அவர் வெற்றி மேன்மையுறுக, கான்ஸ்டன்டினிய்யாவில் (இஸ்தான்புல்லில்) அடிக்கப்பட்டது என்ற வாசகமும் 1293 என்ற எண்ணும் இருக்கும். 1293இல் அடித்த காசு என்று எண்ணினால் தவறு. அது சுல்தான் அரியணை ஏறிய ஹிஜ்ரி ஆண்டு. அவர் ஆட்சி முழுதும் அடித்த நாணயங்களில் அதே எண்தான். முன்பக்கத்து 3, ஆட்சியின் மூன்றாம் ஆண்டைக் குறிக்கிறது. 1293உடன் 3ஐக் கூட்டி 1ஐக் கழித்தால் 1295, கி.பி. 1878ஐ ஒட்டிய காலம். உஸ்மானிய நாணயத்துக்குத் தேதி காணும் வழி இது.

துக்ராவின் வலது மேல்மூலையும் காலம் சொல்லும். இரண்டாம் மஹ்மூதின் நாணயங்களில் அங்கே 'அத்லீ', நீதியாளர், என்ற அடைமொழி வரும். இரண்டாம் அப்துல் ஹமீதின் தொடக்க கால நாணயங்களில் ஒரு பூ இருந்தது. ரஷ்யப் போருக்குப் பின் அவர் ஏற்ற 'அல்-காஸி', போர்வீரர், என்ற பட்டம் பிறகு அந்த இடத்துக்கு வந்தது. ஐந்தாம் மெஹ்மதின் நாணயங்களில் முதலில் 'ரெஷாத்'. முதல் உலகப் போரில் இறங்கியபின் 'அல்-காஸி'. 1876இல் வெறும் 93 நாள்கள் ஆண்டு, மனநலம் குன்றியதாகக் கூறிப் பதவி நீக்கப்பட்ட ஐந்தாம் முராதுக்கும் துக்ரா நாணயம் உண்டு. ஆட்சி எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் அச்சு மாறியே தீரும்.

துக்ராவின்மேல் விழுந்த குத்து

பேரரசின் பிடி தளர்ந்த இடங்களிலும் துக்ரா நெடுநாள் தங்கியது. எகிப்தில் முகமது அலியின் வம்சம் ஏறத்தாழத் தனியாகவே ஆண்டது. 1882 முதல் பிரிட்டிஷ் படையும் அங்கே இருந்தது. ஆனாலும் எகிப்திய நாணயத்தில் இருந்தது இஸ்தான்புல் சுல்தானின் துக்ராதான். அவற்றில் பல எகிப்திலேயே அடிக்கப்படவில்லை. 'எச்' என்ற குறி தாங்கியவை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹீட்டன் அக்கசாலையில் அடித்தவை. 1914 டிசம்பரில் பிரிட்டன் எகிப்தைத் தன் பாதுகாப்பு நாடாக அறிவித்து, ஹுசைன் காமிலைச் சுல்தானாக்கியது. அடுத்து வந்த எகிப்திய நாணயங்களில் உஸ்மானியத் துக்ரா இல்லை.

1916இல் மெக்காவில் ஷரீஃப் ஹுசைன் உஸ்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தபோது அவரிடம் சொந்த நாணயம் இல்லை. புழக்கத்திலிருந்த உஸ்மானிய நாணயங்களில் 'அல்-ஹிஜாஸ்' என்ற தம் பகுதியின் பெயரைச் சிறு அச்சால் குத்தித் தமதாக்கினார்கள். ஐந்தாம் மெஹ்மதின் துக்ராவும், அவரை மறுத்தவர்களின் குத்தும் ஒரே காசில் அருகருகே இருக்கின்றன. அரேபியாவின் நஜ்த் பகுதியிலும் இதே முறை கையாளப்பட்டது. உஸ்மானிய நாணயங்களோடு, அங்கே புழங்கிய இந்திய ரூபாய்களிலும் 'நஜ்த்' என்று குத்தப்பட்டிருக்கிறது.

காகிதத்தில் துக்ரா

உஸ்மானிய அரசின் முதல் காகிதப் பணம் 1840இல் வந்தது. காயிமே எனப்பட்ட அந்தத் தாள்கள் கையால் எழுதி முத்திரை இட்டவை, வட்டியும் தருபவை. பணமும் கடன் பத்திரமும் கலந்த ஏற்பாடு. கையெழுத்துத் தாளைப் போலியாகத் தயாரிப்பது எளிது என்பதால் விரைவில் அச்சுக்கு மாறினார்கள். பணத்துக்கு முட்டுப்பாடு வரும்போதெல்லாம் அளவு கூடியது, மதிப்பு இறங்கியது. 1862இல் அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு நோட்டு வெளியிடும் உரிமை, பிரிட்டிஷ், பிரெஞ்சு மூலதனத்தில் அமைந்த உஸ்மானிய வங்கியிடம் சென்றது.

உலகப் போர் இந்த ஏற்பாட்டை முறித்தது. பகை நாடுகளின் மூலதனத்தில் நடந்த வங்கி, போருக்காக நோட்டு அடிக்க முன்வரவில்லை. 1915இல் அரசே நோட்டு வெளியிட்டது. அச்சிட்டது ஜெர்மனி, முதல் வெளியீட்டுக்கு ஈடாக ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் தங்கம் ஒதுக்கின. நோட்டின் தலைப்பகுதியில் ஐந்தாம் மெஹ்மத் ரெஷாதின் துக்ரா. அமைதி திரும்பியபின் தங்கமாக மாற்றித் தரப்படும் என்ற உறுதி அதன் கீழே. பிந்தைய வெளியீடுகளுக்குத் தங்கத்துக்குப் பதில் ஜெர்மன் கருவூலப் பத்திரங்களே ஈடு. மொத்த வெளியீடு சுமார் 16 கோடி லிராவை எட்டியது. தங்க லிராவிலும் காகித லிராவிலும் இருந்தது ஒரே துக்ராதான். ஆனால் போரின் கடைசி ஆண்டுகளில் ஒரு தங்க லிராவுக்குப் பல காகித லிராக்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. துக்ரா நாணயத்தின் உரிமையாளரைச் சொல்லியது. மதிப்பைச் சந்தை சொல்லியது.

குடியரசின் கையில் சுல்தானின் பணம்

1922 நவம்பர் 1இல் துருக்கியின் மாபெரும் தேசியப் பேரவை சுல்தான் பதவியை ஒழித்தது. 1923இல் குடியரசு பிறந்தது. 1924இல் கலீஃபா பதவியும் நீங்கியது. ஆயினும் மக்கள் கையில் புழங்கியது பழைய துக்ரா நோட்டுகளே. சுல்தான் இல்லாத நாட்டில் சுல்தானின் சின்னம் ஐந்து ஆண்டுகள் கடைத்தெருவில் நடமாடியது. 1927இல் அரசுக் கட்டடங்களிலிருந்து துக்ராக்களை அகற்றவோ மறைக்கவோ வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5இல், லண்டனில் தாமஸ் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட குடியரசின் முதல் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. துக்ரா போய் முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் முகம் வந்தது. துருக்கிய மொழி லத்தீன் எழுத்துக்கு மாறியது 1928இல் என்பதால், இந்த நோட்டுகளில் அது அரபு எழுத்திலேயே இருந்தது. அரசவையின் கடைசித் துக்ரா வரைஞரான இஸ்மாயில் ஹக்கி (1873–1946), குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது 'அல்துன்பெஸெர்' என்ற பெயரை ஏற்றார். பொன்னால் அணிசெய்பவர் என்பது அதன் பொருள்.

அரசர் இல்லாத துக்ராவும் பிறந்தது. 1948இல் பாகிஸ்தான் வெளியிட்ட முதல் நாணயங்களில் துக்ரா வடிவில் பின்னியிருப்பது ஆள் பெயர் அல்ல. 'ஹுகூமதே பாகிஸ்தான்', அதாவது பாகிஸ்தான் அரசு, என்ற தொடர். மறுபக்கம் பிறையும் நட்சத்திரமும்.

துருக்கியில் எஞ்சியவை இரண்டு. முதலாவது எடை. குடியரசு அடிக்கும் தங்க நாணயம் இன்றும் அதே 7.216 கிராம், அதே 22 காரட். பிரிட்டனின் 'சாவரின்' தமிழ்நாட்டு நகைக்கடையில் சவரனாகத் தங்கிவிட்டதுபோல, அப்துல் மெஜீத் வகுத்த அளவு துருக்கியரின் திருமணப் பரிசிலும் சேமிப்பிலும் தங்கிவிட்டது. இரண்டாவது சொல். தமிழில் பூவா தலையா என்று காசைச் சுண்டுவதுபோல், துருக்கியில் 'யாஸி மி, துரா மி' என்று கேட்டுச் சுண்டுகிறார்கள். யாஸி என்றால் எழுத்துள்ள பக்கம். துரா என்பது துக்ராவின் தேய்ந்த வடிவம். இன்றைய துருக்கி நாணயத்தில் துரா என்று அழைக்கப்படுவது அத்தாதுர்க்கின் முகம் உள்ள பக்கம்.